ஒரே கேள்வி அல்சூரில் கடினம், ஒயிட்ஃபீல்டில் சுலபம்: எதை நம்பி வரிசைப்படுத்துவது?

சனிக்கிழமை_கணக்கு (பெங்களூரு)

வணக்கம். நாங்கள் சிலர் சேர்ந்து சனிக்கிழமைதோறும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறோம். இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒன்று அல்சூரில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் சின்னத் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள். இன்னொன்று ஒயிட்ஃபீல்டில் ஓர் அபார்ட்மென்ட்டின் பொது ஹாலில். இந்த வருடம் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்துச் சொல்லித்தரலாம் என்று 40 கேள்விகளில் ஒரு தாள் தயாரித்து, இரண்டு இடத்திலும், அந்தந்தப் பக்கத்துப் பள்ளிகளிலும் கொடுத்தோம். எல்லாம் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். ஏறத்தாழ 400 பேர் எழுதினார்கள்.

எது சுலபம், எது நடுத்தரம், எது கடினம் என்று பார்க்க, எத்தனை சதவீதம் பேர் சரியாக எழுதினார்கள் என்று எக்செலில் போட்டேன். ஒரு கேள்வி ஒயிட்ஃபீல்டில் 78%, அல்சூரில் 44%. அப்படியானால் அது சுலபமான கேள்வியா, கடினமானதா? இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், எந்தப் பக்கம் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதை வைத்து விடை மாறிக்கொண்டே இருக்கிறது.

ஆபீஸ் நண்பர் ஒருவர், இதற்கென்றே ஐஆர்டி என்று ஒரு முறை இருக்கிறது, மூன்று பாராமீட்டர் மாடல் போட்டுப் பார் என்கிறார். படிக்க உட்கார்ந்தால் தீட்டா, ஏ, பி, சி என்று போகிறது. எனக்கு ஆர் (புள்ளியியல் மென்பொருள்) ஓட்டத் தெரியும், ஆனால் இது எங்களுக்குத் தேவையா, 400 பேருக்குத் தாங்குமா என்று தெரியவில்லை. இன்னொன்று: 7, 19, 26 ஆகிய மூன்று கேள்விகள் மட்டும் மற்றவை போல நடந்துகொள்ளவில்லை. நன்றாகச் செய்கிற பிள்ளைகளே தடுமாறுகிறார்கள். தூக்கிவிடலாமா? அடுத்த மாதம் குழு பிரித்தாக வேண்டும். ஒரு பிள்ளையைத் தப்பான குழுவில் உட்கார வைத்துவிட்டு, அது வருவதையே நிறுத்திவிட்டால் மனசு கேட்காது.

---

வளைகோடு (பெங்களூரு)

சதவீதத்தைக் கேள்வியின் குணமாக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கலே. அது கேள்வியும், அன்றைக்கு எதிரே உட்கார்ந்த கூட்டமும் சேர்ந்து தருகிற எண். கூட்டம் மாறினால் எண்ணும் மாறும், அதில் வியப்பில்லை.

ஐஆர்டி (ஐட்டம் ரெஸ்பான்ஸ் தியரி) செய்வது, பிள்ளையின் திறனையும் கேள்வியின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வைப்பது. டென்மார்க்கைச் சேர்ந்த கியோர்க் ராஷ் 1960-இல் வெளியிட்ட மாடல்தான் இதில் மிக எளியது. அதில் திறனும் கடினமும் சமமாக இருந்தால் அந்தப் பிள்ளை சரியாக எழுத 50% வாய்ப்பு. திறன் ஓர் அலகு மேலே இருந்தால் 73%, இரண்டு அலகு மேலே என்றால் 88%, மூன்று என்றால் 95%. கீழே இறங்கினால் அதே கணக்கில் 27, 12, 5. கிடைக்கோட்டில் திறனையும் செங்கோட்டில் இந்த வாய்ப்பையும் வைத்து வரைந்தால் எஸ் வடிவில் ஒரு வளைவு கிடைக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வளைவு. கடினமான கேள்வி என்றால் அதே வளைவு வலப்பக்கம் தள்ளி நிற்கும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் 78-ஐயும் 44-ஐயும் எடுங்கள். 78% என்றால் சரிக்கும் தப்புக்கும் உள்ள விகிதம் 78க்கு 22. அதன் இயல் மடக்கைதான் மேலே சொன்ன அலகு: 1.27. 44% என்றால் 44க்கு 56; மடக்கை கழித்தல் 0.24. வித்தியாசம் 1.5 அலகு. சரி, இதே 1.5 இடைவெளி இரண்டு கூட்டத்துக்கும் எல்லாக் கேள்வியிலும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒயிட்ஃபீல்டில் 95% வாங்கும் கேள்வி அல்சூரில் 81% வாங்கும், அங்கே 50% வாங்குவது இங்கே 18% தான் வாங்கும். சதவீதத்தில் பார்த்தால் 14, 34, 32 என்று இடைவெளி தாறுமாறாகத் தெரியும், ஆனால் அளவுகோலில் எல்லாம் ஒன்றே. (கூட்டத்தின் சராசரியை வைத்துச் செய்வதால் இது தோராயக் கணக்கு, மாடல் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்க்கும்.) ஆக உங்கள் தாளில் பெரும்பாலான கேள்விகள் ஏறக்குறைய ஒரே அளவு நகர்ந்திருந்தால் அது இரு கூட்டத்தின் திறன் வித்தியாசம், கேள்விகளின் வரிசை பத்திரமாக இருக்கிறது. எந்தக் கேள்வி அந்த நகர்விலிருந்து விலகி நிற்கிறதோ, அதைத்தான் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்று பாராமீட்டர் பற்றி. தீட்டா என்பது பிள்ளையின் திறன், பி என்பது கேள்வியின் கடினம், ஏ என்பது வளைவு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது, சி என்பது ஒன்றுமே தெரியாத பிள்ளைகூடக் குருட்டாம்போக்கில் சரியாக எழுதும் வாய்ப்பு. இரண்டு, மூன்று பாராமீட்டர் லாஜிஸ்டிக் வடிவங்களை ஆலன் பிர்ன்பாம் முறைப்படி எழுதியது 1968-இல், லார்டும் நோவிக்கும் கொண்டுவந்த நூலில். 400 பேரை வைத்துக்கொண்டு சி-யைக் கணிக்கப் போகாதீர்கள். ஒவ்வொரு கேள்வியிலும் அந்த எண்ணைத் தீர்மானிப்பது மிகக் கீழே இருக்கிற சில பிள்ளைகள் மட்டும். அவர்கள் போதாது, எண் எங்கேயாவது போய் நிற்கும். மூன்று பாராமீட்டருக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. ராஷ் மாடலுக்கு 400 தாராளம். இரண்டு பாராமீட்டர் ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் ஏ எண்களை ஒரு பிடி சந்தேகத்தோடே வைத்துக்கொள்ளுங்கள்.

---

புள்ளியியல்_மாணவி (டெல்லி)

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஒன்று மட்டும். மாடலுக்கு முன்னால் படம். ஒவ்வொரு கேள்விக்கும், அந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டு மீதி 39-இல் வாங்கிய மொத்தத்தை வைத்துப் பிள்ளைகளை ஐந்து படியாகப் பிரியுங்கள், படிக்கு 80 பேர் வரும். ஒவ்வொரு படியிலும் எத்தனை சதவீதம் பேர் சரி, தப்பு விடை ஒவ்வொன்றையும் எத்தனை சதவீதம் பேர் எடுத்தார்கள் என்று போடுங்கள். எக்செலிலேயே முடியும். ஆர்-இல் ஐஆர்டி மாடல்களை ஓட்டும் மிர்ட் பேக்கேஜ் நீங்கள் எதைக் கொடுத்தாலும் அழகான எஸ் வளைவு போட்டுக் கொடுத்துவிடும், ஏனென்றால் ராஷ் போன்ற மாடலுக்கு வேறு வடிவம் போடத் தெரியாது, அதைத்தான் ஓட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். உண்மையான புள்ளிகள் அந்த வளைவில் உட்காருகின்றனவா என்பதைக் கண்ணால் பார்க்காமல் எந்தக் கேள்வியையும் தூக்காதீர்கள்.

அந்த மூன்று கேள்விகளையும் படிவாரியாக இங்கே போடுங்களேன்.

---

சனிக்கிழமை_கணக்கு

ரொம்ப நன்றி. போட்டுப் பார்த்தேன். கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை சரியாக எழுதியவர்களின் சதவீதம்:

கேள்வி 7. 500 ரூபாய்ச் சட்டையின் விலை 20% கூட்டப்பட்டு, பிறகு புது விலையில் 20% குறைக்கப்படுகிறது. இறுதியில் பழைய விலையோடு ஒப்பிட்டால் என்ன? சரியான விடை 4% குறைவு. 24, 17, 12, 31, 74. 'மாற்றமில்லை' என்ற விடையை எடுத்தவர்கள் 35, 58, 77, 62, 23.

கேள்வி 19. ஆட்டோ மீட்டரில் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18 ரூபாய். 7 கிலோமீட்டர் போனால் எவ்வளவு? விடை 126. (இங்கே 2025 ஆகஸ்டில் வந்த மீட்டர் கட்டணமேதான், பிள்ளைகளுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும் என்று வைத்தோம்.) 58, 60, 63, 66, 71.

கேள்வி 26. ஒரு செவ்வகத்தின் சுற்றளவு 24 செ.மீ., பக்கங்கள் முழு எண்கள். பரப்பளவு அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்? ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்திலிருந்து எடுத்தது, அதில் கொடுத்திருக்கும் விடை 35. 22, 34, 47, 55, 38.

---

கரோல்பாக்_டீச்சர் (டெல்லி)

தம்பி, 26-ஐப் பார்த்ததும் சொல்லிவிடலாம். விடை 36. பக்கம் 6, 6. சதுரமும் செவ்வகம்தான் என்று எட்டாம் வகுப்பில் நாற்கரப் பாடத்தில் சொல்லித் தருகிறோம். அதைக் கவனித்துப் படித்த பிள்ளை 36 போட்டிருக்கும், 5, 7 என்று போனவர்கள் 35 போட்டிருப்பார்கள். உங்கள் நாலாம் படி வரை ஏறிக்கொண்டு வந்தது மேல்படியில் 55-இலிருந்து 38-க்கு விழுகிறதே, அதுதான் அடையாளம். விஷயம் தெரிந்த பிள்ளைக்கு இந்தத் தாள் பூஜ்யம் கொடுத்திருக்கிறது. விடைக்குறிப்பை மாற்றுங்கள், கேள்வியைத் தூக்க வேண்டாம். நல்ல கேள்வி.

19 எனக்கு வேறு மாதிரி உறுத்துகிறது. 36 என்பது 18-இன் இரண்டு மடங்கு. முதல் 2 கிலோமீட்டருக்குத் தனிக் கட்டணம் என்பதையே கவனிக்காத பிள்ளை 7-ஐ 18-ஆல் பெருக்கினாலும் 126. கவனித்து 36-உம், 5 தரம் 18 ஆன 90-உம் கூட்டினாலும் 126. இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்துவிடுகின்றன. புரிந்தவரையும் புரியாதவரையும் இந்தக் கேள்வியால் பிரிக்கவே முடியாது, அதனால்தான் கோடு படுத்துக் கிடக்கிறது. எங்கள் ஊரில் 2023-இல் வந்த மீட்டர் கட்டணம் முதல் 1.5 கிலோமீட்டருக்கு 30, பிறகு கிலோமீட்டருக்கு 11. அதை வைத்து 6.5 கிலோமீட்டர் கேளுங்கள்: சரியான விடை 85, வெறுமனே பெருக்கினால் 71.50, பெருக்கியதோடு 30-ஐயும் கூட்டினால் 101.50. தப்பான வழி ஒவ்வொன்றும் தனித்தனி விடையில் போய் நிற்கும். எந்தப் பிள்ளை எங்கே வழுக்கியது என்று விடைத்தாளைப் பார்த்தே தெரியும், அந்தத் தகவல்தான் திங்கட்கிழமை வகுப்புக்குப் போகிற எனக்கு வேண்டியது.

---

வளைகோடு

டீச்சர் 19-ஐப் பிடித்த விதம் பிரமாதம். இரண்டு பாராமீட்டர் மாடல் ஓட்டினால் அந்தக் கேள்விக்கு ஏ மிகச் சிறிதாக வரும், 'பிரிக்கும் திறன் குறைவு' என்பதோடு மென்பொருளின் வேலை முடிந்துவிடும். ஏன் என்பதை, கேள்வியை வாசித்து, ஒரு பிள்ளை எந்த வழியில் எல்லாம் போகும் என்று தெரிந்த ஒருவர்தான் சொல்ல முடியும்.

7-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் மூன்றிலும் அதுதான் அருமையான கேள்வி, அதைத்தான் நீங்கள் தூக்கிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் 32% பேர் சரி. 'கடினமான கேள்வி' என்று ஒதுக்கிவிடத் தோன்றும். படிவாரியாகப் பாருங்கள். கீழ்ப்படியில் 24%, அதாவது நாலில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் வருவது. நடுப்படியில் 12%, குருட்டாம்போக்கில் வருவதிலும் பாதி! நடுப்படிப் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிப் பிள்ளைகளைவிடக் கணக்கு குறைவாகவா தெரியும்? அவர்களுக்குச் சதவீதம் என்றால் என்ன என்று தெரியும், கூட்டிய 20-உம் குறைத்த 20-உம் சரிக்குச் சரி என்று நம்புகிற அளவுக்குத் தெரியும். அதனால் 77% பேர் ஒரே தப்பான விடையில் போய் விழுகிறார்கள். கீழ்ப்படிப் பிள்ளைக்கு அந்த நம்பிக்கைகூட இன்னும் வரவில்லை, அதனால் நாலு விடையிலும் சிதறுகிறது. மேல்படிக்குப் போனால்தான் இரண்டாவது 20% என்பது 600-இல் எடுக்கிற 20%, அது 120 ரூபாய், விலை 480-க்கு வந்துவிடுகிறது என்று பிடிபடுகிறது.

இந்த வடிவத்தை, நடுவில் குழி விழுந்து பிறகு ஏறுவதை, ராஷ் மாடலாலும் மூன்று பாராமீட்டராலும் வரைய முடியாது. திறன் கூடக்கூட வாய்ப்பும் கூடும் என்பது அந்த மாடல்களின் அடிப்படை நிபந்தனை. நாலு விடைக்கும் தனித்தனி வளைவு போடுகிற நாமினல் மாடல் ஒன்று உண்டு, டாரல் பாக் 1972-இல் எழுதியது. 'மாற்றமில்லை' என்ற விடை நடுவில் ஏறி இறங்குவதை அது வரையும், ஆனால் சரியான விடையின் இந்தக் குழியை அதுவும் வரையாது. மிர்ட்டிலேயே இருக்கிறது, ஆனால் அதில் ஒவ்வொரு கேள்விக்கும் கணிக்க வேண்டிய எண்களும் கூடும், 400 பேருக்கு நெருக்கடிதான். உங்களுக்கு அது வேண்டாம். ராஷ் ஓட்டும்போது 7-ஐ மட்டும் வெளியே வைத்துத் திறனைக் கணித்துவிட்டு, குழு பிரித்தபின் நடுக்குழுவின் முதல் வகுப்பையே 7-ஆம் கேள்வியில் ஆரம்பியுங்கள். 'மாற்றமில்லை' என்று எழுதிய பிள்ளைகள் பெரும்பாலும் அந்த அறையில்தான் இருப்பார்கள்.

---

புள்ளியியல்_மாணவி

ஒரே ஒரு மாற்றுக் கருத்து. 7-ஐ வெளியே வைப்பது சரி, 19-ஐ நான் உள்ளேயே வைக்க மாட்டேன். ராஷ் மாடல் எல்லாக் கேள்வியின் சரிவும் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறது. படுத்துக் கிடக்கிற 19-க்கும் மற்றதற்குக் கொடுக்கிற அதே ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்துவிடும், அது வெறும் இரைச்சல்தான். ஒரு கேள்விக்கு வந்த விடைகள் மாடல் எதிர்பார்த்ததோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் இன்ஃபிட், அவுட்ஃபிட் எண்களைப் பாருங்கள். 1-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், 0.7-இலிருந்து 1.3 வரை என்பது பலரும் வைக்கும் வரம்பு. 19 மேலே தாண்டி நிற்கும் என்று நினைக்கிறேன்.

---

சனிக்கிழமை_கணக்கு

26-க்கு விடையை 36 என்று மாற்றிப் போட்டதும் 12, 15, 22, 30, 58 என்று ஏறுவரிசையில் வந்துவிட்டது. மேல்படிப் பிள்ளைகளில் சிலருக்கு ஒரு மதிப்பெண் திரும்பக் கிடைக்கிறது. அதைவிட, சரியாக யோசித்தது வீணாகவில்லை என்று அவர்களிடம் சொல்ல முடிகிறதே, அதுதான் பெரிசு. 19-உம் 7-உம் வெளியே. 19-க்கு டீச்சர் சொன்னபடி புதுக் கேள்வி எழுதிவிட்டேன்.

மீதி 38-ஐ ராஷ் மாடலில் ஓட்டி, இரண்டு இடத்துக்கும் தனித்தனியாகக் கடினத்தைக் கணித்து ஒப்பிட்டேன். வளைகோடு சார் சொன்னது போலவே பெரும்பாலானவை ஒரே வரிசையில் இருக்கின்றன, நகர்வு ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று மட்டும் நன்றாகவே விலகுகிறது. லிஃப்ட் கேள்வி: 'லிஃப்ட் கழித்தல் 2-ஆம் தளத்திலிருந்து 11-ஆம் தளத்துக்குப் போனால் எத்தனை தளம் ஏறியது?' மொத்தத்தில் சம மதிப்பெண் வாங்கியவர்களை எடுத்தாலும் அல்சூர்ப் பிள்ளைகள் இதில் மட்டும் பின்தங்குகிறார்கள். முழு எண் கூட்டல் கழித்தலில் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன, அவற்றில் இந்த விலகல் இல்லை.

இதை என்ன செய்வது? நீக்கினால் அல்சூருக்குச் சலுகை கொடுத்தது போல ஆகுமா என்று எங்களுக்குள்ளேயே ஒரு விவாதம் ஓடுகிறது.

---

வளைகோடு

சலுகை என்ற பேச்சே வர வேண்டாம். சம திறன் உள்ள இரண்டு பிள்ளைகளை எடுத்து, அவர்கள் எந்தப் பேட்டையிலிருந்து வருகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு கேள்வியின் வாய்ப்பு மாறினால் அதற்கு டிஃப் என்று பெயர். மொத்த மதிப்பெண்ணைச் சமமாக வைத்து ஒப்பிடுவதுதான் இதில் உயிர்நாடி. நீங்கள் செய்ததும் அதுதான். மான்டல்-ஹென்செல் என்ற சோதனை இதைப் படிவாரியாகக் கூட்டிச் சொல்லும், தேர்வு நடத்தும் பெரிய அமைப்புகள் வழக்கமாகச் செய்வது. ஆனால் சோதனை, விலகல் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். அது நியாயமா இல்லையா என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வியைப் பாருங்கள். அபார்ட்மென்ட் பிள்ளை தினமும் பார்க்கிங்கிலிருந்து மேலே போகிறது, லிஃப்டில் கழித்தல் 2 என்ற பித்தானை அதுவே அமுக்குகிறது. அல்சூர்ச் சந்துகளில் இரண்டு மாடி வீட்டில் இருக்கும் பிள்ளை தரைக்குக் கீழே தளம் உண்டு என்பதை அந்தத் தாளில்தான் முதல்முதலாகப் பார்த்திருக்கலாம். நீங்கள் அளக்க நினைத்தது முழு எண் கழித்தல். அந்தக் கேள்வி அதோடு சேர்த்து வேறொன்றையும் அளந்துவிட்டது. முழு எண்ணில் மற்ற இரண்டும் விலகவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், அதைவிடச் சாட்சி வேண்டாம். குழு பிரிக்கும் கணக்கிலிருந்து அதை எடுத்துவிடுங்கள்.

---

கரோல்பாக்_டீச்சர்

இது நான் எங்கள் பள்ளியில் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் விஷயம். சூழலைக் கேள்விக்குள் கொண்டுவரத்தான் வேண்டும், கொண்டுவரும்போது எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த சூழலா என்று பார்க்க வேண்டும். வெயில்கால, குளிர்கால வெப்பநிலையை வைத்துக் கழித்தல் கேட்டால் டெல்லியில் சரியாக வரும். பெங்களூரில் எந்தப் பிள்ளையும் அவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்த்திருக்காது, ஆனால் அந்தப் பழக்கமின்மை இரண்டு பேட்டைக்கும் ஒரே அளவு, அதனால் அதுவே பரவாயில்லை. கடன், வரவு வைத்துக் கேட்டுப் பாருங்கள் தம்பி, அது எல்லா வீட்டிலும் உண்டு.

---

சனிக்கிழமை_கணக்கு

எடுத்துவிட்டோம். கடைசியாக ஒன்று. அல்சூரில் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு மென்பொருள் காட்டும் பிழை அளவு பெரிதாக இருக்கிறது, நடுவில் இருப்பவர்களுக்குச் சிறிது. அதே தாள்தானே எல்லோரும் எழுதினார்கள்?

---

புள்ளியியல்_மாணவி

அதே தாள்தான், ஆனால் அது எல்லோரிடமும் சம அளவு பேசவில்லை. ஒரு கேள்வி, தன் கடினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். ராஷ் மாடலில் ஒரு கேள்வி தரும் தகவல் என்பது சரியாகும் வாய்ப்பையும் தப்பாகும் வாய்ப்பையும் பெருக்கினால் வருவது. 50-50 என்றால் 0.25. இரண்டு அலகு தள்ளி, 88-12 அல்லது 12-88 என்றால் 0.105 தான். உதாரணத்துக்கு ஒரு தாளில் 30 கேள்விகள், எல்லாமே பிள்ளைக்குப் பொருத்தமாக இருந்தால் மொத்தத் தகவல் 7.5, பிழை அதன் வர்க்கமூலத்தின் தலைகீழ், ஏறக்குறைய 0.37 அலகு. அதே 30-உம் இரண்டு அலகு கடினமாக இருந்தால் பிழை 0.56. கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் தாள் அப்படித்தான் அமைந்திருக்கிறது: பாதிக் கேள்விகள் அவர்களுக்கு எட்டாத உயரம், அதில் குருட்டாம்போக்கும் கலந்திருக்கும்.

அதனால் கீழ்க்குழுவுக்கும் நடுக்குழுவுக்கும் எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைகளை இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்காதீர்கள். அவர்களுக்கு மட்டும் பத்துச் சுலபமான கேள்விகள் கொண்ட ஒரு சின்னத் தாள் கொடுங்கள், பழைய தாளிலிருந்து ஐந்தாறு கேள்விகள் அதில் பொதுவாக இருக்கட்டும். அந்தப் பொதுக் கேள்விகளின் கடினத்தைப் பழைய எண்ணிலேயே நிறுத்தி ஓட்டினால் புது மதிப்பெண்ணும் அதே அளவுகோலில் வந்து உட்காரும். ஜேஇஇ மெயினில் ஷிப்ட் வாரியாகப் பர்சென்டைல் எடுத்து ஒட்டுகிறார்களே, அந்த முறை இங்கே உதவாது. ஒவ்வொரு ஷிப்டிலும் எழுதும் கூட்டம் ஒரே தரம் என்று எடுத்துக்கொண்டால்தான் அது நிற்கும். உங்களுடைய இரண்டு கூட்டமும் ஒன்றில்லை என்பதில்தான் இந்த இழையே தொடங்கியது.

---

சனிக்கிழமை_கணக்கு

செய்கிறேன். எல்லைக்கோட்டில் இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள், அவர்களுக்கு வரும் சனிக்கிழமையே வைத்துவிடலாம். பொதுக் கேள்விகளாக ஆறு எடுத்துவைத்திருக்கிறேன், ஆறும் இரண்டு இடத்திலும் விலகாதவை, இன்ஃபிட் 0.9-க்கும் 1.1-க்கும் நடுவில் இருப்பவை. புதுச் சுலபக் கேள்விகளை இங்கே போடுகிறேன். டீச்சர், அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை வாசித்துப் பார்க்க முடியுமா?